களையெடுத்த சத்தம்

1. சீக்கிரம் முடிந்த வேலை

எங்கள் தொழிலில் கம்ப்யூட்டர் தாமதமாக வேலையை முடித்தால் யாரும் பயப்படுவதில்லை. திட்டுவோம், டீ குடிக்கப் போவோம், திரும்பி வந்து மறுபடியும் திட்டுவோம். அது சீக்கிரமாக முடித்தால்தான் பயப்பட வேண்டும். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். அதனால் எழுதி வைக்கிறேன்.

நாங்கள் பார்ப்பது சத்தக் கணக்கு. ஒரு விமானத்தைச் செய்து முடிப்பதற்கு முன்பே, அது பறக்கும்போது உள்ளே இருப்பவருக்கு எவ்வளவு சத்தம் கேட்கும் என்று கம்ப்யூட்டரில் போட்டுச் சொல்வது. கம்பெனியின் ஹெட் ஆபீஸ் பெங்களூரில். புதுக்கோட்டையில் ஒரு சின்னக் கிளை. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கம், ஒரு பாத்திரக்கடைக்கு மேல் மாடியில் இருக்கிறோம். கீழே யாராவது குடத்தைத் தட்டிப் பார்த்து வாங்கினால் மேலே எங்கள் மீட்டிங்கில் அது பதிவாகிவிடும்.

அந்த முறை வந்த வேலை ஒரு சின்ன விமானம். இரண்டு பக்கமும் ப்ரொப்பெல்லர். நோயாளிகளை ஏற்றிப் போகும் ஆம்புலன்ஸாக அதை மாற்றிக்கொண்டிருந்தார்கள். ஸ்ட்ரெச்சரில் படுத்திருப்பவரின் தலை, சரியாக ப்ரொப்பெல்லர் சுற்றும் இடத்துக்கு நேராக வந்தது. அங்கே உட்சுவருக்குப் பின்னால் சத்தத்தைத் தடுக்க ஒரு கனமான மெத்தை இருந்தது. அதைப் போர்வை என்போம். போர்வையை எடுத்துவிட்டால் எடை குறையும், அந்த எடைக்கு இன்னொரு ஆக்சிஜன் சிலிண்டர் வைக்கலாம். எடுத்தால் சத்தம் எவ்வளவு கூடும் என்பதுதான் எங்களிடம் கேட்ட கேள்வி.

காலையில் கணக்கை ஓட விட்டோம். மறுநாள் வரைக்கும் ஓடும் என்பது என் எண்ணம். நான் மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது முடிந்துவிட்டது. போர்வை இல்லாவிட்டாலும் ஸ்ட்ரெச்சர் பக்கம் அமைதியாகத்தான் இருக்கும் என்று விடை வந்தது. எங்கள் மேனேஜர் இளங்கோ சார் என் தோளில் தட்டினார்.

"பாத்தீங்களா முருகேசன்! நம்ம மெஷின் சின்னது, தாங்காதுன்னு பெங்களூருல பேசுனாங்கள்ல? இப்ப பேசச் சொல்லுங்க."

"ரொம்பச் சீக்கிரமா முடிஞ்சிருக்கு சார். ஒரு தடவ பாத்துட்டு அனுப்பலாம்."

"சாப்ட்டு வாங்க, பாத்துக்கலாம்."

நான் சாப்பிட்டுக் கை கழுவி வருவதற்குள் ரிப்போர்ட் போய்விட்டது. நல்ல செய்தியைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார அவரால் முடியாது. கஸ்டமரிடமிருந்து நன்றி என்று பதிலும் வந்துவிட்டது.

2. பக்கத்து வீட்டுக் கணக்கு

எனக்கு ஏன் சந்தேகம் வந்தது என்று புரிய, எங்கள் தொழிலைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

விமானத்தின் தகட்டையும் அதற்குள் இருக்கும் காற்றையும் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரிப்போம். அந்த வலைக்கு மெஷ் என்று பெயர். வலையில் ஒவ்வொரு முடிச்சுக்கும் ஒரு சமன்பாடு உண்டு. முடிச்சுகள் லட்சக்கணக்கில் வரும். ஆனால் ஒரு முடிச்சு தன் பக்கத்து முடிச்சுகளோடு மட்டும்தான் பேசும். மூக்குப் பக்கம் இருப்பதற்கும் வால் பக்கம் இருப்பதற்கும் நேரடிப் பேச்சுவார்த்தை கிடையாது. ஆகவே எல்லாச் சமன்பாடுகளையும் சேர்த்து ஒரு மேட்ரிக்ஸாக எழுதினால், அதில் பெரும்பாலும் பூஜ்யம்தான் இருக்கும். இதைத்தான் ஸ்பார்ஸ் மேட்ரிக்ஸ் என்கிறோம். பூஜ்யத்தை விட்டுவிட்டு மீதியை மட்டும் வைத்துக் கணக்குப் போடுவதே எங்கள் பிழைப்பு.

சிக்கல் அதைத் தீர்க்கும்போது வரும். முடிச்சுகளை ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே போக வேண்டும். ஒருவரை விலக்கினால், அதுவரை அவர் வழியாகப் பேசிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டாரெல்லாம் இனி நேருக்கு நேர் பேசியாக வேண்டும். பூஜ்யமாக இருந்த இடங்களில் புதிதாக எண்கள் முளைக்கும். இதற்கு ஃபில்-இன் என்று பெயர். அது பெருகினால் மெமரி நிறைந்து மெஷின் படுத்துவிடும்.

இதற்கு எங்கள் அலுவலகத்தில் ஒரு பழக்கம் இருந்தது. கணக்கைத் தொடங்குவதற்கு முன், மேட்ரிக்ஸில் ஆகப் பெரிய எண் எதுவென்று பார்ப்போம். அதோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை என்கிற அளவுக்குச் சின்னதாக இருக்கும் எண்களையெல்லாம் பூஜ்யம் என்று எழுதிவிடுவோம். மேட்ரிக்ஸ் இளைத்துவிடும், மெமரி மிஞ்சும். இதற்குக் களையெடுப்பு என்று பெயர் வைத்திருந்தோம். அதற்கான ஸ்கிரிப்டை எழுதியது சகாயமேரி. ஆவூர்க்காரர். எங்கள் கிளையிலேயே நல்ல மூளை அவருடையது. இறக்கை அதிர்வு, தகடு அதிர்வு என்று நாங்கள் அதற்கு முன் பார்த்த வேலைகளிலெல்லாம் அந்தக் களையெடுப்பு ஒரு குறையும் இல்லாமல் உழைத்தது. அவை வெறும் உலோகக் கணக்குகள். இந்த முறைதான் முதல் தடவையாக உலோகமும் காற்றும் ஒரே மேட்ரிக்ஸில் வந்திருந்தன.

எங்கள் மெஷினுக்கு இந்த மேட்ரிக்ஸ் தாங்காது என்று எல்லோருக்கும் தெரியும். "பத்தலன்னா களையெடுங்க" என்று இளங்கோ சார் சொன்னார். எடுத்தோம். எடுத்த பிறகும் மறுநாள் வரை ஓட வேண்டிய கணக்கு மதியமே முடிந்தால், களையோடு வேறு எதுவோ சேர்ந்து போயிருக்கிறது என்று அர்த்தம்.

3. சும்மா இருந்த காற்று

அன்று மதியமே சகாயமேரியை அழைத்து உட்கார வைத்தேன்.

"மேரி, ஒரு சின்ன டெஸ்ட். ஸ்ட்ரெச்சர் தலமாட்டுக்கு நேரா இருக்கிற தகட்ட மட்டும் ஆட்டுவோம். வேற எதையும் தொட வேணாம். அத ஒட்டி இருக்கிற காத்து என்ன செய்யுதுன்னு பாப்போம்."

"என்னண்ணே செய்யும்? அதுவும் ஆடும்."

ஆட்டினோம். தகடு ஆடியது. அதை ஒட்டி இருந்த காற்று சும்மா இருந்தது.

சகாயமேரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். காற்று இன்னும் சும்மாதான் இருந்தது. தகடு அடித்துக்கொண்டு ஆடும்போது அசையாமல் நிற்கும் காற்று புதுக்கோட்டையில் மட்டுமல்ல, எங்கேயும் இல்லை. மற்ற இடங்களில் தகட்டை ஆட்டினால் காற்றும் ஒழுங்காக ஆடியது. ஸ்ட்ரெச்சர் பக்கம் மட்டும்தான் இந்தத் தவம்.

காரணம் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. ஸ்ட்ரெச்சர் பக்கம்தான் முக்கியம் என்பதால், அங்கே மெஷ்ஷை மற்ற இடங்களைவிட மிகவும் பொடியாகப் போட்டிருந்தோம். தகட்டையும் காற்றையும் இணைக்கும் எண் அந்தத் துண்டின் பரப்பைப் பொறுத்தது. துண்டு பொடியானால் எண்ணும் பொடியாகும். உலோகத்தின் விறைப்பைச் சொல்லும் எண்களோ எழுதினால் பக்கம் தாண்டும். அவற்றின் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது இந்த இணைப்பு எண்கள் தூசியாகத் தெரிந்தன. களையெடுப்பு அவற்றைப் பிடுங்கிப் போட்டுவிட்டது. மற்ற இடங்களில் மெஷ் பெரிதாக இருந்ததால் அங்கே இணைப்புகள் தப்பித்தன.

சுருக்கமாகச் சொன்னால், எந்த இடத்தை நாங்கள் அதிகம் கவனித்தோமோ அந்த இடத்தில்தான் சத்தம் உள்ளே வரும் வழியை அடைத்திருந்தோம். கடலைக்காட்டில் களையெடுத்தவர்களுக்கு இது தெரியும். பிந்தி முளைத்த கடலைச்செடி புல்லோடு புல்லாகத் தெரியும். கை வேகமாகப் போனால் அதுவும் வரப்புக்கு வந்துவிடும்.

"என் ஸ்கிரிப்ட்டுண்ணே" என்றார் சகாயமேரி. முகம் செத்துவிட்டது.

"இறக்கைக்கு எழுதுன ஸ்கிரிப்ட்டு இறக்கைக்குச் சரியாத்தான இருந்துச்சு? இங்க எடுத்துப் போடச் சொன்னது யாரு, போட்டது யாரு? எல்லாருந்தான். அழுகுறதா இருந்தா எல்லாரும் வரிசையா ஒக்காந்து அழுவோம். வா, மொதல்ல சார்கிட்ட சொல்லுவோம்."

4. பெட்டியைத் தூக்குபவர்

இளங்கோ சார் கெட்டவர் அல்ல. புதுக்கோட்டையில் இப்படி ஒரு அலுவலகம் வர வேண்டும் என்று பெங்களூரில் வருஷக்கணக்காகச் சண்டை போட்டு வாங்கி வந்தவர். சின்ன ஊர், ஒரே மெஷின், அதை வைத்துப் பெரிய கணக்குகளைப் போட்டுக் காட்டுகிறோம் என்று சொல்லித்தான் அனுமதி வாங்கினார். இந்த வேலையைப் பார்த்துவிட்டுத்தான் கிளையை வைத்துக்கொள்வதா மூடுவதா என்று முடிவு செய்வோம் என ஹெட் ஆபீஸில் சொல்லியிருந்தார்கள்.

நாங்கள் சொன்னதை முழுதாகக் கேட்டார். ஸ்கிரீனில் சும்மா இருந்த காற்றையும் பார்த்தார்.

"ஏன் முருகேசன், ப்ளேன்னா கொஞ்சம் சத்தம் வரத்தான செய்யும்?"

"கொஞ்சம் இல்ல சார்."

"களையெடுக்காம ஓட்டுனா நம்ம மெஷின் தாங்குமா?"

"இப்ப இருக்கிற மாதிரி ஓட்டுனா தாங்காது."

"அப்ப ரிப்போர்ட் தப்புன்னு சொல்லணும். சரியான ரிப்போர்ட் எங்களால குடுக்க முடியாதுன்னும் சொல்லணும். ரெண்டையும் சேத்துச் சொன்னா ஆபீஸ மூடிட்டுத்தான் அடுத்த வேல பாப்பாங்க." நாற்காலியை என் பக்கம் திருப்பினார். "மூடுனா எனக்கு ஒண்ணுமில்ல. நான் ரிடையர் ஆகப் போறவன். ஒங்களுக்குத்தான் பெங்களூரு. பெட்டியத் தூக்குறது நீங்க. அதனால நீங்களே யோசிச்சு நாளைக்குச் சொல்லுங்க. நீங்க சொல்றத நான் கேக்குறேன்."

இதைவிட அவர் என்னைத் திட்டியிருக்கலாம்.

பெட்டி விஷயம் அவருக்குத் தெரியும். என் மனைவி தமிழ்ச்செல்வி ஆலங்குடியில் அரசுப் பள்ளி ஆசிரியை. கல்யாணம் ஆனதிலிருந்து நான் பெங்களூரில், அவள் ஆலங்குடியில். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வெள்ளிக்கிழமை பஸ்ஸில் ஒரு சிவப்புப் பெட்டியோடு வருவேன், ஞாயிற்றுக்கிழமை அதே பெட்டியோடு போவேன். மகள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, அந்தப் பெட்டி கட்டிலுக்கு வந்தாலே என் செருப்பில் ஒன்றை ஒளித்து வைத்துவிடுவாள். அவள் கல்லூரிக்குப் போன பிறகுதான் இந்தக் கிளை வந்தது. அப்போதுதான் நானும் செல்வியும் முதல் முறையாகத் தொடர்ந்து ஒரே வீட்டில் குடியிருந்தோம். பெட்டி பரணுக்குப் போனது. காலையில் ஆலங்குடியிலிருந்து டவுன் பஸ்ஸில் வேலைக்குப் போய்ச் சாயங்காலம் வீட்டுக்கு வருவது உலகத்தில் நிறைய பேருக்குச் சலிப்பான காரியம். எனக்கு அது சந்தோஷமாக இருந்தது. அதை இழக்க எனக்குக் கொஞ்சமும் மனமில்லை.

5. புளி

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது செல்வி புளி உடைத்துக்கொண்டிருந்தாள். வருஷத்துக்கு வேண்டிய புளியை மொத்தமாக வாங்கி, கொட்டையெடுத்து, உப்புப் போட்டுப் பானையில் அடைத்து வைப்பது அவள் வழக்கம். எதிரே உட்கார்ந்து நானும் நாலு பழத்தை எடுத்துக் கொட்டையைத் தள்ள ஆரம்பித்தேன். நடந்ததைச் சொன்னேன். மேட்ரிக்ஸ் எல்லாம் இல்லை. கணக்குத் தப்பு, சத்தம் கூடும், அந்த மெத்தையை எடுக்கப் போகிறார்கள் என்ற அளவில்.

"அந்தப் ப்ளேன்ல யாரு போவா?"

"நோயாளி. கூட ஒரு நர்ஸ்."

"நோயாளி முனகுனா நர்ஸுக்குக் கேக்குமா?"

"மெத்தைய எடுத்துட்டாக் கேக்காது."

ஒரு கொட்டையை எடுத்துத் தட்டில் போட்டாள். "பெறகு என்னத்துக்கு எங்கிட்டக் கேக்குறீங்க?"

"சொன்னா ஆபீஸ மூடிருவாங்க செல்வி. நான் மறுபடி பெங்களூரு போகணும்."

"தெரியுது."

அடுத்த பழத்தை எடுத்தாள். வேலை வேகமாக நடந்தது. எனக்கு அவள் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. போகாதீங்க என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று ஒரு பயம். போங்க என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று அதைவிடப் பெரிய பயம். இரண்டையும் அவள் சொல்லவில்லை.

"நாரப் பாத்து எடுங்க" என்று மட்டும் சொன்னாள். நான் நாரோடு போட்டுக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை, தப்பைச் சொல்லிவிடுவோம் என்று இளங்கோ சாரிடம் சொன்னேன். அவர் போனை என் பக்கம் தள்ளினார். கஸ்டமர் பக்கத்துத் தலைமை இன்ஜினியர் ராகவன். கும்பகோணத்துக்காரர், ஹைதராபாத்தில் இருக்கிறார்.

"சொல்லுங்க முருகேசன். ரிப்போர்ட் பாத்தேன். பிரமாதம்."

"அது தப்பு சார்."

"எது தப்பு?"

"பிரமாதம்னு நீங்க சொன்னது."

மறுமுனையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. விஷயத்தைச் சொன்னேன். அவர் கத்தினார். போர்வையை எடுக்கச் சொல்லி நேற்றே டிசைன் ஆட்களிடம் சொல்லிவிட்டதாகவும், இனி எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு வேண்டாம் என்று சொல்வது என்றும் கத்தினார். அவர் கத்தியதில் நியாயம் இருந்ததால் நான் குறுக்கே பேசவில்லை. மூச்சு வாங்கிய பிறகு கேட்டார்.

"எப்டிக் கண்டுபிடிச்சேள்?"

"சீக்கிரம் முடிஞ்சிருச்சு சார்."

"என்னது?"

"கணக்கு நாங்க நெனச்சதவிடச் சீக்கிரம் முடிஞ்சிருச்சு. அதான் சந்தேகம்."

"லேட்டாயிடுத்துன்னு போன் பண்றவாளத்தான் இதுவரைக்கும் பாத்திருக்கேன்" என்றார். பிறகு, "ஒரு வாரம் டயம் தரேன். சரியான நம்பர் குடுங்கோ. அதுவரைக்கும் போர்வை இருக்கட்டும்" என்று வைத்துவிட்டார்.

6. ஜெனரேட்டர்

இனி களையெடுக்காமல் அதே மெஷினில் ஓட்ட வேண்டும். ஹெட் ஆபீஸில் பெரிய மெஷின் இருக்கிறது. கேட்டால் தருவார்கள். கேட்டால் கிளையையும் எடுத்துக்கொள்வார்கள்.

வழி கண்டுபிடித்தது சகாயமேரி. முதலில் ஸ்கேலிங். உலோகத்தின் எண்ணையும் காற்றின் எண்ணையும் ஒரே தராசில் வைக்காமல், ஒவ்வொரு வரியையும் அதனதன் அளவுக்கு ஏற்ற மாதிரி சமன் செய்துவிடுவது. தூசி என்று தெரிந்ததெல்லாம் அப்போது கண்ணுக்குத் தெரியும் எண்ணாகிவிட்டது. அடுத்தது ஆர்டரிங். அதாவது எந்த முடிச்சை முதலில் விலக்குவது, எதைக் கடைசியில் விலக்குவது என்ற வரிசை. சமன்பாடுகள் மாறாது, வரிசை மட்டும் மாறும். ஆனால் ஃபில்-இன் எவ்வளவு முளைக்கும் என்பதே அந்த வரிசையில்தான் இருக்கிறது.

"கேபின குறுக்க குறுக்க வெட்டிருவோம்ணே. ஒவ்வொரு துண்டுக்கு உள்ள இருக்கிறத மொதல்ல அங்கிட்டே முடிச்சிருவோம். வெட்டுன எல்லையில இருக்கிறதுகள மட்டும் கடைசிக்கு வச்சுக்குவோம்."

ஊர்க்கூட்டம் இப்படித்தான் நடக்கும். வடக்குத் தெருத் தகராறை வடக்குத் தெருவிலேயே பேசி முடித்துவிட்டு, இரண்டு தெருவுக்கும் பொதுவான வாய்க்கால் பிரச்சினையை மட்டும் பொதுவுக்குக் கொண்டுவருவார்கள். எல்லாவற்றையும் பொதுவில் வைத்தால் ஊர் தாங்காது. மெஷினும் அப்படியே. மெமரியில் அடங்காததை டிஸ்க்கில் எழுதி எழுதி ஓட்ட ஏற்பாடு செய்தோம். ஓடியது. ஆனால் மாட்டு வண்டி வேகம்.

பாதி ஓடிக்கொண்டிருக்கும்போது சகாயமேரி பேப்பரைக் கொண்டுவந்து காட்டினார். மாதாந்திரப் பராமரிப்புக்காக மறுநாள் காலை முதல் மாலை வரை எங்கள் பகுதியில் மின்தடை. யுபிஎஸ் அவ்வளவு நேரம் தாங்காது. நடுவில் நின்றால் முதலிலிருந்து ஓட்ட வேண்டும், ராகவன் கொடுத்த வாரம் போய்விடும்.

இளங்கோ சார் கீழே இறங்கிப் போனார். கல்யாணத்துக்குப் பந்தலும் மைக் செட்டும் வாடகைக்கு விடுபவர் ஒருவரைப் பிடித்து, ஒரு ஜெனரேட்டரைக் கொண்டுவந்து மாடிப்படிக்கு அடியில் நிறுத்தினார். கரண்ட் போனதும் அதை ஓட்டினார்கள். கட்டடம் நடுங்கியது. பாத்திரக்கடையில் அடுக்கி வைத்த தட்டுகளெல்லாம் தாளம் போட்டன. உள்ளே ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்கவில்லை. பேசுவதை நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் சைகையில் சொல்லிக்கொண்டோம்.

சரியாக அந்த நேரத்தில் ராகவன் போன் செய்தார். போனை ஒரு காதில் அழுத்தி, மறு காதைப் பொத்திக்கொண்டேன்.

"என்ன சத்தம் அது?"

"ஜெனரேட்டர் சார்."

"எங்க?"

"எங்க ஆபீஸ்ல சார்."

"நீங்க சத்தத்தக் கணக்குப் போடறவாதானே?"

"ஆமா சார். போட்டுக்கிட்டுத்தான் இருக்கோம்."

அவர் ஏதோ சொன்னார். கேட்கவில்லை. நல்ல வார்த்தையாக இருக்கும் என்று எடுத்துக்கொண்டேன்.

மின்சாரம் திரும்பி வந்தது, கணக்கு நிற்கவில்லை. ராகவன் சொன்ன கெடுவுக்குள் விடை வந்தது. முதலில் அதே டெஸ்ட். தகட்டை ஆட்டினோம், ஒட்டியிருந்த காற்று ஆடியது. சகாயமேரி அதைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு முழு விடையைப் பார்த்தோம். போர்வையை எடுத்தால் ஸ்ட்ரெச்சர் தலைமாட்டில், ஓடும் மாவு மில்லுக்குள் படுத்திருப்பது போல இருக்கும். முனகல் என்ன, நோயாளி கூப்பிட்டாலே நர்ஸுக்குக் கேட்காது. அப்படியே எழுதி, என்ன தப்பு, எப்படி நடந்தது, எப்படிச் சரி செய்தோம் என்று ஒளிக்காமல் சேர்த்து அனுப்பினோம். போர்வை விமானத்திலேயே இருந்தது.

7. மஞ்சப்பை

ரிப்போர்ட் போன மறுநாள் ஹெட் ஆபீஸிலிருந்து இளங்கோ சாருக்குச் செய்தி வந்தது. நடந்ததை விளக்க முருகேசன் நேரில் வர வேண்டும், திங்கள்கிழமை மீட்டிங், அதன் பிறகு அங்கேயே இருக்க வேண்டி வரலாம், துணிமணி எடுத்து வரச் சொல்லுங்கள் என்று. அவர் இதைச் சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்துச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் பரணில் ஏறினேன். சிவப்புப் பெட்டியை இழுத்தேன். வரவில்லை. மறுபடியும் இழுத்தேன். கல்லு மாதிரி கனத்தது. எப்படியோ இறக்கிக் கட்டிலில் வைத்துத் திறந்தேன்.

உள்ளே புளி. அந்த வருஷத்துப் புளி மொத்தமும். கல் உப்புத் தூவி, அழுத்தி அழுத்தி, மூலை விடாமல் அடைத்து, மேலே ஒரு பழைய வேட்டித் துணி போட்டு மூடியிருந்தது. நான் ராகவனிடம் பேசிய அன்றே அடைத்திருக்கிறாள் என்று பிறகு தெரிந்தது.

செல்வி வாசலில் வந்து நின்றாள்.

"புளிப்பான இல்லையா?" என்று கேட்டேன்.

"இருக்கு."

"ஒடஞ்சு போச்சா?"

"நல்லாத்தான் இருக்கு."

சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். நான் கட்டிலில் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. உண்மையைச் சொல்ல வைத்தவளும் அவள்தான். போகிற பெட்டியை அடைத்து வைத்தவளும் அவள்தான்.

ஜவுளிக்கடை மஞ்சப்பையில் இரண்டு சட்டையை மடித்து வைத்துக்கொண்டு பெங்களூர் போனேன். மீட்டிங்கில் அதை மடியில் வைத்திருந்தேன். டைரக்டர் ஒரு படத்தைப் போட்டுக் காட்டினார். கம்பெனியின் கிளைகள் எல்லாம் அதில் வருமானத்துக்கு ஏற்ற உயரத்தில் பட்டை பட்டையாக நின்றன. புதுக்கோட்டைக்கு உற்றுப் பார்த்தால் ஒரு கோடு இருந்தது.

"இவ்ளோ சின்ன பிராஞ்ச் எதுக்கு முருகேசன்? இத எடுத்துட்டா நமக்கு ஒரு வித்தியாசமும் தெரியாதே?" என்றார்.

"சின்னதுன்னு எடுத்துட்டா என்ன ஆகும்னு இப்பத்தான் சார் ஒரு ரிப்போர்ட்ல பாத்தோம்."

அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்க வைப்பதற்காகச் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்தவர், ராகவனிடமிருந்து வந்த மெயிலை அவர் பக்கம் நகர்த்தினார். அடுத்த விமானத்தின் கணக்கும் இதே ஆட்களே, களையெடுக்காத இதே முறையில் போட வேண்டும் என்று அதில் இருந்தது. ஜெனரேட்டரை மட்டும் கட்டடத்துக்கு வெளியே வைக்கவும் என்று கடைசி வரி. டைரக்டர் இரண்டு தடவை படித்தார். பிறகு, "சரி, ஊருக்குக் கிளம்புங்க" என்றார். கிளையை மூடவா, வேலை பார்க்கவா என்று ஒரு நொடி எனக்கு விளங்கவில்லை. வேலை பார்க்கத்தான்.

எங்கள் நேர்மையை மெச்சிக் கிளையை விட்டுவைத்தார்கள் என்று யாரும் நினைக்க வேண்டாம். அடுத்த வேலை வந்தது, அதனால் விட்டுவைத்தார்கள். இளங்கோ சார் ரிடையர் ஆகிவிட்டார். சகாயமேரி இப்போது கிளைக்குத் தலைவர். களையெடுப்பு ஸ்கிரிப்டை அவர் அழிக்கவில்லை. அதை யார் திறந்தாலும், 'உள்ளே காற்று இருக்கிறதா?' என்று முதலில் ஒரு கேள்வி கேட்கும்படி மாற்றி வைத்திருக்கிறார்.

புதிய பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருப்பது பூஜ்யம் அல்ல. ஒன்றைச் சின்னது என்று சொல்வதற்கு முன்னால், எதன் பக்கத்தில் வைத்துச் சொல்கிறோம் என்று பாருங்கள். கணக்கு சீக்கிரம் முடிந்தால் கை தட்டாதீர்கள், தகட்டை ஆட்டிப் பாருங்கள்.

அந்த வருஷம் முழுக்க எங்கள் வீட்டுக் குழம்பில் லேசாகப் பெட்டி வாசம் வந்தது. நான் ஒரு நாளும் குறை சொல்லவில்லை. இன்னொரு கரண்டி ஊற்றச் சொல்லிச் சாப்பிட்டேன்.